ஒன்பதாவது பாட்டு

உக்காரு செலஸ்டின். கோட்டைக் கழத்தி அந்த ஆணியில மாட்டு. அத்தான் இப்பதான் கண்ணசந்தாவ, பதினோரு மணிக்கு முழிப்பாவ. எனக்குப் பன்னெண்டரைக்கு டூட்டி. அதுக்குள்ள எல்லாத்தையும் சொல்லித் தந்துட்டுப் போறேன். நீ தூத்துக்குடின்னு ஏஜென்சிக்காரி சொன்னா. நல்லதாப் போச்சு. இதுக்கு முந்தி வந்த ரெண்டு பேரும் இந்த அயர்லாந்துக்காரிய. தங்கமான பிள்ளைய. ஆனா அத்தான் தமிழ்ல ஒரு வார்த்தை எழுத்துக்கூட்டினா அவளுவளுக்கு எங்க புரியும்?

சாப்பாடு வாய்வழியா கெடையாது. வயித்துல டியூபு. எச்சில் தொண்டையில நின்னா இந்த மெஷினால உறிஞ்சணும். நீ வேற வீட்லயும் பாத்திருப்ப, மோட்டார் நியூரான். தசைக்குப் போற நரம்பு ஒவ்வொண்ணா செத்துட்டே வரும். அத்தானுக்கு அறிவு நல்லா இருக்கு. காது நல்லா இருக்கு. நம்ம பேசுறது அவ்வளவும் கேக்கும். அதனால அந்த ரூம்ல நின்னுட்டு அவியளப் பத்தி யார்ட்டயும் போன்ல பேசப்படாது. அது முதல் விசயம்.

ரெண்டாவது, அந்தக் கட்டிலுக்குப் பக்கத்துல சாம்பல் கலர் அட்டையில ஒரு சிடி கெடக்கும். தெனமும் அதைப் போடச் சொல்லுவாவ. நான் வாசலைத் தாண்டின பொறவு போடு. நான் வீட்ல இருக்கும்போது போடப்படாது. ஏன்னு கேக்கப் போற. கேளு, சொல்லிருதேன். பின்னால அத்தானுக்க கூட்டாளி ஒரு போஸ்ட்மேன் வந்து அவன் பங்குக்கு ஒரு கதை சொல்லுவான், அதுக்கு நானே சொல்லிருதது நல்லது.

நான் நாகர்கோவில். அத்தானும் அங்கதான். ஜெபசிங்னு பேரு. இங்க எல்லாரும் ஜெப், ஜெப்னு கூப்பிடுவானுவ. எங்க சர்ச்சு கொயர்ல பேஸ் கிடார் அடிச்சிட்டிருந்தாவ. பேஸ்னா தெரியும்லா? நாலு தடிச்ச கம்பி. மத்த கிடார் மாதிரி கிணுகிணுங்காது. தும்னு நெஞ்சுக்கூட்டுல வந்து நிக்கும். கல்யாணத்துக்கு முந்தி நான் அதைக் கேட்டுட்டுத்தான் சம்மதிச்சேன்னு அவிய சொல்லிட்டுத் திரிவாவ. அப்படி ஒண்ணும் இல்ல. வீட்ல பாத்தாவ, நான் சரின்னேன்.

நான் நர்ஸா இங்க வந்து பதினோரு வருசம். அத்தான் ரெண்டு வருசம் கழிச்சு வந்தாவ. ஊருல காலேஜ் லேப்ல வேலை பாத்த மனுசன், இங்க சூப்பர் மார்க்கெட்டுல ரொட்டி சுடுத வேலை. தெனமும் காலையில அங்க ரொட்டி வாங்க வருவான் இந்தக் கீரன். போஸ்ட்மேன். அத்தான் ரொட்டித் தட்டு மேல விரலால தட்டிட்டு நிக்கதப் பாத்துட்டு, "நீ என்ன வாசிப்ப?"ன்னு கேட்டிருக்கான். இவிய பேஸ்னாவ. சந்தோசத்துல அவனுக்குக் கைகால் நிக்கல. அவனுக்க குழுவுல பேஸ் அடிச்சவன் ஆஸ்திரேலியாவுக்குப் போயிட்டானாம்.

குழுவுக்குப் பேரு வெட் ஹே. நனைஞ்ச வைக்கோல். ஒரு ராக் குழுவுக்கு வைக்கிற பேரா இது? கேட்டா, இந்த நாட்டுல காய்ஞ்ச வைக்கோல் எங்க இருக்குன்னு சிரிப்பான். மூணே பேரு. கீரன் பாடுவான், கிடார் அடிப்பான். ஊனான்னு ஒருத்தி, பள்ளிக்கூட டீச்சர், அவ டிரம்ஸ். பொறவு அத்தான். ஆறு வருசம் சனிக்கிழமை சனிக்கிழமை பப்புல வாசிச்சாவ. நான் ஒரு தடவை போனதில்ல. நான் பப்புக்குப் போறவளா? அவியளும் கூப்பிட்டதில்ல. கூப்பிட்டாவ, முதல்ல ரெண்டு மூணு தடவை கூப்பிட்டாவ.

அப்படியே போயிருந்தா ஒண்ணும் இல்ல. போன வருசத்துக்கு முந்தின வருசம் செப்டம்பர்ல வந்து, "பிள்ளே, நாங்க ஆல்பம் போடப் போறோம். சரியான ஸ்டூடியோவுல. ஒன்பது பாட்டு"ன்னு சொன்னாவ. மொகம் அப்படிச் சிவந்து கெடக்கு. ஆல்பத்துக்கு என்ன பேரு தெரியுமா? வடசேரி. எங்க ஊரு பஸ் ஸ்டாண்டு இருக்க எடம். நம்ம ஊருல எவனாவது பாட்டுக்கு அப்படிப் பேரு வைப்பானா? அத்தான் என்னமோ சொல்லிக் குடுத்திருக்காவ, அந்த வெள்ளக்காரனுக்கு அந்தச் சத்தம் பிடிச்சுப் போச்சாம். அவனுக்கு அதைச் சரியா சொல்லக்கூட வராது.

ஸ்டூடியோ கடலோரத்துல, இங்கிருந்து காருல ஒரு மணி நேரம். மூடிப்போன பழைய பள்ளிக்கூடம். பத்து நாளுன்னு சொல்லித்தான் லீவு போட்டாவ. பத்து நாளு மூணு வாரமாச்சு. மூணு வாரம் அஞ்சு வாரமாச்சு. காலையில போவாவ, சாயங்காலம் வருவாவ. வந்தா பேச்சு கெடையாது. சோபாவுல விழுந்து கெடப்பாவ.

நான் நர்ஸ், செலஸ்டின். எனக்க வார்டுல பதினெட்டு கெழவனும் கெழவியும். ஒருத்தருக்குக் கால்விரல் லேசா நீலம் பாரிச்சாக்கூட டாக்டருக்கு முந்தி நான் கண்டுபிடிப்பேன். எல்லாரும் சொல்லுவாவ, பியூலா கண்ணுல இருந்து ஒண்ணும் தப்பாதுன்னு. அத்தான் சாயாக் கப்பைக் கீழ போட்டாவ. கவனம் இல்லைன்னு ஏசினேன். சட்டைக்குப் பித்தான் போட பத்து நிமிசம் ஆச்சு. அந்த ஆல்பத்து நெனப்புன்னு சொன்னேன். பேச்சு குழறுச்சு. குடிச்சிருக்காவன்னு நெனச்சேன். பக்கத்துல போய் வாயை மோந்து பாத்தேன் பிள்ளே. ஒரு வாசமும் இல்ல. அப்பயும் எனக்குத் தோணல. வாசம் வராதபடி என்னமோ சாப்பிடக் கத்துக் குடுத்திருக்கானுவன்னு நெனச்சேன்.

இடது கையில பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல சதை இருக்கும்லா, அது குழி விழுந்து கெடந்துச்சு. நான் அதைப் பாத்தேன். பாக்கலன்னு பொய் சொல்ல மாட்டேன். வயசாவுதுன்னு நெனச்சேன். நாப்பத்தஞ்சு வயசுக்கு.

நவம்பர்ல ஒரு நாள், புதன்கிழமை, எனக்கு ஆஃப். அத்தான் அவசரத்துல போனை வெச்சிட்டுப் போயிட்டாவ. ஒரு மெசேஜ் வந்துச்சு. ஊனா. "வெள்ளிக்கிழமை நானே உன்னைக் கூட்டிட்டுப் போறேன். பியூலாவுக்கு இன்னும் தெரியாதுல்ல?"

நீயா இருந்தா என்ன நெனப்ப? சொல்லு. நீயும் அதைத்தான் நெனப்ப.

காரை எடுத்தேன். வழியெல்லாம் மழை. என்ன சொல்லணும்னு ஒவ்வொரு வார்த்தையா அடுக்கிட்டே போனேன். பள்ளிக்கூடத்து வாசல்ல கீரனுக்க வேன் நிக்கி. உள்ள போனேன். ஒரு கதவுக்கு மேல சிவப்பு லைட் எரியுது. அங்க இருந்த சவுண்டு என்ஜினியர் எந்திரிச்சுக் கையை ஆட்டுதான், வேண்டாம் வேண்டாம்னு. சிவப்பு லைட்டுன்னா உள்ள ரெக்கார்டு ஓடுதுன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். கதவைத் தள்ளிட்டு உள்ள போனேன்.

அத்தான் ஒரு நாற்காலியில உக்காந்திருக்காவ. கண்ணு மூடியிருக்கு. கிடார் மடியில. வலது கைப் பெருவிரல் மட்டும் கம்பியை இழுக்கு, விடுது. இழுக்கு, விடுது. இடது கை கம்பி மேல இல்ல. தொடையில சும்மா கெடக்கு. ஊனா அவியளப் பாத்துட்டே, அந்தப் பெருவிரலுக்குத் தக்கன மெதுவா அடிக்கா.

நான் கத்தினேன். என்ன கத்தினேன்னு இப்ப உனட்ட சொல்ல முடியாது. தமிழ்லதான். அவளைப் பாத்தும் ஒண்ணு சொன்னேன். அவளுக்குப் புரியல, ஆனா எந்திரிச்சு நின்னுட்டா. கீரன் வந்து, "பியூலா, ரெண்டே நிமிசம் குடு. இந்தப் பாட்டு முடிஞ்சிரும்"னு கெஞ்சுதான். நான் அத்தானுக்க கழுத்துல கெடந்த பட்டையை உருவி கிடாரைத் தரையில வெச்சேன். எறியல. வெச்சேன். "எழும்புங்க, வீட்டுக்குப் போவோம்"னேன். எழும்பி வந்தாவ.

காருல வெச்சுத்தான் சொன்னாவ. ஆகஸ்டுலயே தெரியுமாம். டெஸ்டு எல்லாம் எடுத்து, பேரும் சொல்லிட்டானுவளாம் ஆஸ்பத்திரியில. ஊனாதான் ஒவ்வொரு தடவையும் கூட்டிட்டுப் போயிருக்கா. இடது கை பெலமில்லாமப் போகுதுன்னு தெரிஞ்சுதான் ஆல்பத்தை அவசர அவசரமா ஆரம்பிச்சிருக்காவ. எட்டுப் பாட்டு முடிஞ்சிருச்சு. ஒன்பதாவதுக்கு வரும்போது இடது கையால கம்பியை அமுக்க முடியல. அந்த ரெண்டு பேரும் உக்காந்து பாட்டையே மாத்தியிருக்கானுவ. கம்பியை அமுக்காம, வெறும் கம்பியா இழுத்தாலே போதும், அப்படிச் சுதியை மாத்தி, வார்த்தையை மாத்தி.

நான் வண்டியை ஓரமா நிறுத்தினேன். "நான் நர்ஸ். உங்க பொண்டாட்டி. போஸ்ட்மேனுக்குச் சொல்லியிருக்கீங்க, டிரம் அடிக்கவளுக்குச் சொல்லியிருக்கீங்க, எனக்குச் சொல்லல"ன்னு கேட்டேன்.

அத்தான் வெளிய மழையைப் பாத்துட்டு இருந்தாவ. "உனட்ட சொன்ன நிமிசத்துல இருந்து நான் நோயாளி பிள்ளே. ஒரு ரெண்டு மாசம் பேஸ் அடிக்கவனா இருந்துட்டு வாறேன்னு நெனச்சேன். ஒரு பாட்டுதான் பாக்கி. நாளைக்கு ஒரு நாள் போயிட்டு வந்திரட்டா?"

ஒரு நாளாம். ஒவ்வொரு நாளும் நரம்பு சாவுது, இவிய பாட்டுக்குப் போகணுமாம். நான் விடுவேனா? நீ விடுவியா? எனக்கு இதுதான் புரியல செலஸ்டின், அந்தப் பயலுவளுக்கு ஒரு பாட்டு பெருசாப் போச்சு, எனக்கு உசுருல்லா பெருசு.

மறுநாளே தொடங்கினேன். இங்க டப்ளின்ல இன்னொரு டாக்டர். அவரும் அதே பேரைத்தான் சொன்னாரு. மருந்து ஒண்ணு இருக்கு, நாளைக் கொஞ்சம் தள்ளிப்போடும், கொணமாக்காதுன்னாரு. நான் ஒத்துக்கல. எனக்க வார்டுல டாக்டர் ஒரு வாரம்னு சொன்ன கெழவி ரெண்டு வருசம் இருந்திருக்கா. டிசம்பர்ல ஊருக்குக் கூட்டிட்டுப் போனேன். பெரிய ஆஸ்பத்திரி ஒண்ணுல பத்து நாளு. பொறவு மார்த்தாண்டம் பக்கத்துல ஒரு வைத்தியர், நாப்பத்தோரு நாளு எண்ணெய். நாப்பத்தோரு நாளும் அவியள அந்தப் பலகையில படுக்க வெச்சு நானே கூட நின்னு புடிச்சு விட்டேன். உபவாச ஜெபம் மூணு எடத்துல. ஜெபத்துல கொணமாச்சுன்னு சாட்சி சொன்னவங்க எல்லாரையும் போய்ப் பாத்தேன். ஒருத்தர் எந்திரிச்சு நடந்தாருன்னாங்க. அவரைத் தேடி திங்கள்சந்தை வரைக்கும் போனேன். அவருக்கு வந்தது வேற நோய்.

கீரன் வாரம் தவறாம கூப்பிடுவான். "பியூலா, நாங்க காத்திட்டு இருக்கோம். அவனுக்கு வலது கைப் பெருவிரல் போதும். வேணும்னா நாங்க ரெக்கார்டு மெஷினைத் தூக்கிட்டு இந்தியாவுக்கே வாறோம்." போஸ்ட்மேன் வேலைக்கு லீவு போட்டுட்டு நாகர்கோவிலுக்கு வருவானாம். நான் ஒரு தடவை கூட போனை அத்தான்ட்ட குடுக்கல. குடுத்தா மனசு அங்க போயிரும். மனசு நோயை எதுத்து நிக்கணும்லா? பிரேயர் பண்ணுதவரும் அதைத்தான் சொன்னாரு.

அத்தான் ஒரு நாளும் சண்டை போடல. எண்ணெய்ப் பலகையில கெடக்கும்போது வலது கைப் பெருவிரல் தானா அசையும். மரத்துல லேசா தட்டும். நரம்பு துடிக்குன்னு நெனச்சேன். அந்த நோய்ல தசை துடிக்கும், நான் படிச்சிருக்கேன். நாப்பதாவது நாளு அந்தத் துடிப்பு நின்னுச்சு. நான் வைத்தியர்ட்ட ஓடிப்போய் சொன்னேன், துடிப்பு நின்னிருச்சு, எண்ணெய்க்கு நோய் கேக்குதுன்னு.

பொறவு தூக்கிப் பாத்தேன் அந்தப் பெருவிரலை. விட்டா விழுந்துச்சு.

இன்னா பாரு, நான் அழல. சொல்லிட்டு வரும்போது மூக்கு அடைக்கி, அவ்வளவுதான்.

பிப்ரவரி கடைசியில திரும்பி வந்தோம். வந்தன்னைக்குக் கீரனும் ஊனாவும் ஏர்போர்ட்டுக்கு வந்து நிக்காவ. அத்தானை வீல் சேர்ல பாத்ததும் கீரன் முட்டி போட்டு உக்காந்து அந்தக் கையை எடுத்துப் பாத்தான். புரட்டிப் பாத்தான். பெருவிரலை ஒரு தடவை தொட்டான். அவ்வளவு நாளும் என்னைக் கெஞ்சிட்டே இருந்தவன், அன்னைக்குப் பொறவு ஒரு தடவை கூட கேக்கல. என்னை அவன் ஏசியிருக்கலாம். ஏசல. சூட்கேசைத் தூக்கிட்டு நடந்தான். எனக்கு அதுதான் தாங்கல.

ஆல்பம் செப்டம்பர்ல வந்துச்சு. அதுக்குள்ள அத்தானுக்குப் பேச்சும் போச்சு. அவனுவ ரெண்டு பேரும் சிடியைக் கொண்டாந்து அந்த ரூம்ல வெச்சுப் போட்டானுவ. நான் அடுக்களையில இருந்தேன். வந்தவனுவளுக்கு வடை சுட மாவு அரைக்கணும்லா, மிக்ஸியைப் போட்டேன். மாவு அரைஞ்ச பொறவும் ஓட விட்டேன். என்னட்ட கேட்டா, எனக்கு அந்த ஆல்பம் மேலதான் கோவம். அஞ்சு வாரம் தின்னுச்சு. அந்த அஞ்சு வாரத்தையும் என்னட்ட குடுத்திருந்தா நான் என்னவாவது செஞ்சிருப்பேன்.

பொறவு இந்தப் போர்டு வந்துச்சு. வா, இதைப் பாத்துக்கோ. கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக். நடுவுல ஓட்டை, சுத்தி எழுத்து. உனக்க மொகத்துக்கும் அவிய மொகத்துக்கும் நடுவுல புடிக்கணும். அவிய எந்த எழுத்தைப் பாக்காவன்னு நீ கண்ணை வெச்சே கண்டுபிடிக்கணும். தமிழ் எழுத்து அம்புட்டையும் எழுத எடம் பத்தாது. அதனால இங்கிலீசு எழுத்துல தமிழ். சுருக்கிச் சுருக்கிச் சொல்லுவாவ. பழகிருவ. "நீ கேட்டியா"ன்னு எத்தனை தடவை கேட்டாவ தெரியுமா? அந்தப் பாட்டைத்தான். நேரம் இல்லன்னு சொல்லிருவேன். நேரமும் இல்லதானே.

போன மாசம் எனக்க வார்டுல, காலையில பத்து பத்தரை இருக்கும், ஒரு கெழவிக்குக் கஞ்சி குடுத்திட்டிருக்கேன். ஹால்ல ரேடியோ பாடுது. ரேடியோக்காரன் "வடசெறி"ன்னான். நான் என்னமோன்னு திரும்பினேன். "வெட் ஹே குழு, பேஸ் ஜெபசிங்"னான். பேரை முழுசா சொன்னான் பிள்ளே. ஜெப்னு சொல்லல. ஒன்பதாவது பாட்டைப் போட்டான்.

கரண்டி கையில. கெழவி வாயைத் திறந்துட்டு இருக்கா. மெதுவான பாட்டு. கீரனுக்க குரல் எனக்குப் பிடிக்காது, மூக்கால பாடுவான். ஆனா அடியில தும், தும்னு வந்துச்சு. நெஞ்சுல வந்து நின்னுச்சு. வெறும் கம்பி. ஒரே ஒரு விரல். அப்படியே போயிட்டிருக்கு. திடீர்னு நின்னு போச்சு. பாட்டு நிக்கல. கிடார் போகுது, டிரம்ஸ் போகுது, அவன் பாடுதான். அந்தத் தும் மட்டும் இல்ல. பாட்டு முடியுற வரைக்கும் வரவே இல்ல.

இடைவேளையில கீரனுக்குப் போன் போட்டேன். "ஏன் நடுவுல நிக்கு?"ன்னு கேட்டேன். அவன் சொன்னான், "அந்தப் பாட்டை அவன் ஒரே தடவைதான் வாசிச்சான் பியூலா. அன்னைக்கு நீ கதவைத் திறந்தது வரைக்கும்தான் இருக்கு."

வேற ஆளை வெச்சு மிச்சத்தை வாசிக்க வேண்டியதுதானேன்னேன். "உன்னைக் குத்திக் காட்டணும்னு விடல. அந்த எடத்துல வேற ஒருத்தன் விரலை வைக்க எங்களுக்கு மனசு வரல"ன்னான்.

"எனக்க சத்தம் இருக்கா அதுல?"ன்னு கேட்டேன்.

"இல்ல. அதை எடுத்திட்டோம்"னான்.

அந்தத் தும் நின்ன பொறவு பாட்டு ஓடுதது ரெண்டு நிமிசம் பதினோரு செகண்டு. பொறவு காருல வெச்சுக் கணக்குப் பாத்தேன். போன்ல நாலஞ்சு தடவை போட்டுப் பாத்தேன். அன்னைக்கு வழியில மழை இன்னும் கொஞ்சம் பெலமாப் பெஞ்சிருந்தா, ஒரு லாரி முன்னால போயிருந்தா, நான் ரெண்டு நிமிசம் பிந்திப் போயிருப்பேன். அவ்வளவுதான் வேணும் அதுக்கு. ஆனா எனக்குத் தெரியாதுல்லா? தெரிஞ்சிருந்தா கதவுக்கு வெளிய நின்னிருக்க மாட்டேனா? என்னட்ட ஒருத்தரும் சொல்லலியே. நான் செஞ்சது தப்புன்னா நீ சொல்லிரு, பரவாயில்ல.

சொல்ல மாட்ட. ஒருத்தரும் சொல்ல மாட்டேங்காவ.

அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கோட்டைக் கூட கழத்தாம அவிய முன்னால போய் நின்னு, "கேட்டேன். ஒன்பதாவது பாட்டு"ன்னேன். கண்ணு போர்டைத் தேடுச்சு. எடுத்துப் புடிச்சேன். என்னமும் கேக்கட்டும்னு நின்னேன். ஏன் வந்தன்னு கேக்கட்டும். ஏன் கத்தினன்னு கேக்கட்டும். ஏன் கடைசி நாளைத் தரலன்னு கேக்கட்டும்.

கே. ஓ. எல். எல். ஏ. எம். ஏ.

கொள்ளாமா.

உங்க தூத்துக்குடிப் பக்கம் அப்படிச் சொல்ல மாட்டிய. எங்க ஊருல நல்லா இருக்கான்னு கேக்கதுக்குக் கொள்ளாமான்னு கேப்போம். கொயர்ல வாசிச்சிட்டு இறங்கி வந்ததும் அப்படித்தான் கேப்பாவ. வேற ஒண்ணும் கேக்கல. பாட்டு நல்லா இருக்கான்னு கேட்டாவ, பாத்துக்கோ.

வாய்ல வந்ததைச் சொன்னேன். "கிடார்தான் முந்தி நிக்கி. உங்க சத்தம் கொஞ்சம் கம்மி. அந்தக் கீரன் மூக்கால பாடுதான்."

அத்தான் சிரிச்சாவ. உடம்பு குலுங்கிக் குலுங்கி, கண்ணுல தண்ணி வழிய, மூச்சு மெஷின் பீப் அடிக்க, நிறுத்த முடியாம சிரிச்சாவ. நான் பயந்து உறிஞ்சுத டியூபை எடுத்தேன்.

அந்தச் சிரிப்பைப் பாத்து நீ ஒண்ணும் நெனச்சிரப்படாது. அது நோய்க்க லட்சணம். மூளையில சிரிப்பையும் அழுகையையும் புடிச்சு வைக்கிற நரம்பு போனா, காரணம் இல்லாம அப்படி வரும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நான் நர்ஸ், எனக்குத் தெரியாதா? சந்தோசப்படுதாவன்னு நெனச்சு நீ சும்மா இருந்திரப்படாது, தொண்டை அடைச்சிரும்.

மணி பதினொண்ணு. முழிச்சிட்டாவ போல, வா. நான் போன பொறவு பாட்டைப் போடு. சிரிச்சாவன்னா அந்த நோட்டுல நேரத்தைக் குறிச்சு வை. எந்தப் பாட்டுன்னும் எழுதி வை.